கர்ப்பிணியிடம் தூக்க மூச்சுத்தடையைக் கண்டுபிடிப்பது எப்படி: பரிசோதனைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

“மாசமா இருக்கிறப்ப குறட்டை வரத்தானே செய்யும்” என்ற பேச்சோடு பல இடங்களில் இந்த விஷயம் முடிந்துவிடுகிறது. குறட்டை வருவது சகஜம் என்பது உண்மைதான். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்காவது வருகிறது. அந்தக் கூட்டத்துக்குள் ராத்திரி முழுக்க மூச்சு நின்று நின்று வருகிற சிலர் இருக்கிறார்கள். பிரஷர், சுகர், சிசேரியன் மேஜை என்று பிற்பாடு சிக்கலில் மாட்டுகிறவர்களில் அவர்களும் உண்டு. அவர்களைப் பிரித்தெடுக்கும் வேலை பெரிய கருவியில் தொடங்குவதில்லை. சரியான ஆளிடம், சரியான விதத்தில் கேட்கிற ஐந்து கேள்விகளில் தொடங்குகிறது. கர்ப்பகாலப் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் இதை எழுதுகிறோம்.

தொண்டையில் நடப்பது

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மென்மையான அண்ணமும் பின்னால் சரிந்து காற்றுவழியை அடைக்கின்றன. 10 விநாடிக்குக் குறையாமல் காற்று நின்றால் அது ஒரு மூச்சுத்தடை. முழுதாக நிற்காமல் வெகுவாகக் குறைந்து, ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்துக்கொண்டாலோ அது அரைகுறைத் தடை. ஒரு மணி நேரத் தூக்கத்தில் இரண்டும் சேர்ந்து எத்தனை என்பதே நோயின் அளவு. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை.

கர்ப்பம் இதைப் பல பக்கத்திலிருந்தும் தள்ளுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைக்கிறது. கழுத்திலும் தொண்டையிலும் நீர் கோக்கிறது, எடை கூடுகிறது. கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் தங்கும் கையிருப்புக் காற்று ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைகிறது. அதனால் மற்றவருக்கு 10 விநாடித் தடை தாங்கும் இடத்தில் கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். புரோஜெஸ்ட்ரோன் மூச்சைத் தூண்டுகிறது, பெண்கள் தாமாகவே ஒருக்களித்துப் படுக்கிறார்கள். இவை இரண்டும் ஓரளவு காப்பாற்றுகின்றன. எல்லாருக்கும் இது வராமல் இருப்பது அதனால்தான்.

அமெரிக்காவில் முதல் குழந்தையைச் சுமந்த 3,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வீட்டிலேயே தூக்கச் சோதனை செய்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் 3.6 சதவீதம், நடுப்பகுதியில் 8.3 சதவீதம் பேருக்கு மூச்சுத்தடை இருந்தது. தொடக்கத்திலேயே தடை இருந்தவர்களுக்கு முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கிற பிரிஎக்லாம்சியா) வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு, கர்ப்பகாலச் சர்க்கரைக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். அதே நாட்டில் 1998 முதல் 2009 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை அலசியபோது, மூச்சுத்தடை பதிவாகியிருந்த தாய்மார்களிடம் மருத்துவமனையிலேயே இறக்கும் அபாயம் ஐந்து மடங்கு தெரிந்தது. உடல் எடை முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் நின்ற எண் அது.

யாரிடம், எப்போது

வருகிற ஒவ்வொருவருக்கும் முழுச் சோதனை செய்ய வேண்டும் என்று எந்த நாட்டிலும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதி கிடையாது. அபாயம் கூடியவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. உடல் பருமன் உள்ளவர், முன்பே பிரஷர் உள்ளவர், கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர், சுகர் உள்ளவர் ஆகியோர் அந்த வரிசையில் வருகிறார்கள். போன பிரசவத்தில் முன்சூல்வலிப்பு வந்தவரையும், தாடை சிறுத்தவரையும், டான்சில் பெருத்தவரையும் நாங்கள் அதில் சேர்ப்போம்.

பருமன் என்பதற்கு மேல்நாட்டு வழிகாட்டிகள் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 30 என்கின்றன. இந்திய உடல்வாகுக்கு 25 என்ற கோட்டைத்தான் நம் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆசியர்களுக்கு முகத்தின் எலும்பமைப்பு காரணமாகக் குறைந்த எடையிலேயே மூச்சுத்தடை வருகிறது. ஆகவே “இவங்க ஒண்ணும் அவ்வளவு குண்டு இல்லையே” என்று கண்ணால் எடைபோட்டு யாரையும் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் வருகையில் ஒரு முறை கேளுங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி கேளுங்கள். பிரஷர் ஏறத் தொடங்கினால் அது எந்த வாரமாக இருந்தாலும் அன்றைக்கே கேளுங்கள்.

கூட்ட நாளில் இதற்கு எங்கே நேரம் என்று தோன்றும். சர்க்கரைச் சோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிறோமே, அந்த நேரம் சும்மாதான் கிடக்கிறது. கூட வந்தவரும் பக்கத்திலேயே இருப்பார். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

கேட்கும் விதம்

“குறட்டை விடுவீங்களா?” என்று நேராகக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “இல்ல சிஸ்டர்” என்பார்கள். பலருக்குத் தெரியாது, மீதிப் பேருக்கு வெட்கம். மாமியார் பக்கத்தில் நின்றால் சொல்லவே வேண்டாம், வாயே திறக்க மாட்டார்கள். கேள்வியைப் பெண்ணின் மேல் வைக்காமல் வீட்டில் கேட்டவர் மேல் வையுங்கள்.

“தூங்கும்போது உங்க மூச்சுச் சத்தத்தைப் பத்தி வீட்டுல யாராச்சும் சொல்லியிருக்காங்களாம்மா? வாரத்துக்கு எத்தனை ராத்திரி?” மூன்று ராத்திரி அல்லது அதற்கு மேல் என்றால் அது அடிக்கடி வரும் குறட்டை. கதவு சாத்திய அடுத்த அறைக்கும் கேட்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

“இது முன்னாடியே உண்டா, மாசமான பிறகு வந்ததா?” இந்தக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்கிய குறட்டைக்கும் கர்ப்பகால பிரஷருக்கும் முன்சூல்வலிப்புக்கும் தொடர்பு இருப்பது மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில் 2012-இலேயே தெரிந்தது. பழங்குறட்டையை விடப் புதுக்குறட்டையைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

“சத்தம் திடீர்னு நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பெருமூச்சோட மறுபடி தொடங்குதா? மூச்சு முட்டி முழிச்சிருக்கீங்களா?” ஐந்தில் கனமானது இது. “ஆமா” என்று வந்தால் மற்ற மதிப்பெண் எதுவானாலும் மேலே அனுப்புங்கள்.

“காலையில எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி இருக்கா?” தலைவலி என்றால் முதலில் பிரஷரைப் பாருங்கள்.

“வேலை நடுவுல தன்னை அறியாம கண் அசந்துடுதா?” களைப்பு எல்லாருக்கும் உண்டு, முதல் மூன்று மாதத்தில் யாரைக் கேட்டாலும் தூக்கம் தூக்கமாக வருகிறது என்பார்கள். அதனால் களைப்பைக் கேட்காமல், அசந்துபோன இடத்தைக் கேளுங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அடுப்படியில் நிற்கும்போது அசந்தார் என்றால் அது வேறு ரகம். ராத்திரி எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்ற கேள்வி மற்ற நோயாளிகளிடம் உதவும், கர்ப்பிணியிடம் உதவாது.

யாரிடம் கேட்கிறோம் என்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். மூச்சுத்தடை கூடுவதும் அந்த மாதங்களில்தான். கூட வந்த கணவரைக் கேட்டால் “முன்னாடி ஒண்ணும் இல்லையே” என்பார். அவர் பார்த்தது ஐந்தாம் மாதத்தை. இப்போது அந்த அறையில் படுப்பது அம்மாவோ தங்கையோ பாட்டியோ. அவர்களிடம் கேட்க வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே போன் போட்டுக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், செல்போனில் குரல் பதிவைப் போட்டுத் தலைமாட்டில் இரண்டு ராத்திரி வைக்கச் சொல்லுங்கள். பதிவில் சத்தம் ஏறி, முழு அமைதி, பிறகு திணறல் என்று வரிசையாக வந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அமைதி எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

அளவெடுப்பு

உயரம், முதல் வருகையின் எடை, பிரஷர், கழுத்துச் சுற்றளவு. வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நாக்கே எல்லாவற்றையும் மறைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். மயக்க மருத்துவருக்கும் அது உதவும். கழுத்தைக் குரல்வளைக்குச் சற்றுக் கீழே, தாலிக்கொடியையும் சங்கிலியையும் ஒதுக்கி, நாடா இறுகாமல் அளக்க வேண்டும். ஒரே எண்ணைவிட, அடுத்தடுத்த வருகைகளில் எவ்வளவு கூடுகிறது என்பது அதிகம் சொல்லும்.

பகல் நேரத்தில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி 98 என்று பார்த்துத் திருப்தியடையாதீர்கள். விழித்திருக்கும்போது இந்த நோயில் ஆக்சிஜன் இறங்குவதில்லை.

மதிப்பெண்

வெளிநோயாளர் பிரிவுகளில் புழங்கும், பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் கணக்கும் மூச்சுத்தடைக்கான பெர்லின் வினாத்தாளும் கர்ப்பிணிகளிடம் சரிவர வேலை செய்வதில்லை. ஸ்டாப்-பேங் என்ற இன்னொரு மூச்சுத்தடை வினாத்தாளில் எட்டுக் கேள்விகள் உண்டு. வயது 50-க்கு மேலா, ஆணா என்ற இரண்டும் இங்கே எப்போதும் பூஜ்ஜியம். கழுத்து 40 செ.மீ. தாண்டுவது அபூர்வம், பிஎம்ஐ 35 தாண்டுகிறவரும் குறைவு. எட்டில் நான்கு செத்த கேள்விகளாக இருக்கும்போது “2 மதிப்பெண்தான், பரவாயில்லை” என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கர்ப்பிணிகளுக்கென்றே 2012-இல் உருவான எளிய கணக்கு ஒன்று உண்டு. வயதை எழுதுங்கள், பிஎம்ஐயைக் கூட்டுங்கள். அடிக்கடி குறட்டை என்றால் 15, கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் என்றால் இன்னொரு 15. மொத்தம் 75 அல்லது அதற்கு மேல் என்றால் சோதனைக்கு அனுப்பலாம். உதாரணமாக 33 வயது, உயரம் 152 செ.மீ., எடை 72 கிலோ என்றால் பிஎம்ஐ 31. வயதோடு சேர்த்து 64, குறட்டைக்கு 15, ஆக 79. அனுப்ப வேண்டியவர்.

இதே கணக்கு எங்கே தவறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 22 வயது, பிஎம்ஐ 22, ஆறாம் மாதத்தில் புதிதாகக் குறட்டை, 30-ஆம் வாரத்தில் பிரஷர் 146/94. கூட்டினால் 59. தாள்படி பார்த்தால் அபாயம் இல்லை. நாங்கள் இவரைத் தயங்காமல் அனுப்புவோம். கணக்கு அமெரிக்கப் பெண்களை வைத்து உருவானது. வயதும் எடையும் அதில் பெரும் பங்கு வகிப்பதால், நம்மிடம் வருகிற இளவயது ஒல்லிப் பெண்களை அது நழுவவிடும். 75-ஐத் தாண்டினால் அனுப்பலாம், தாண்டாததை மட்டும் காரணமாக வைத்து யாரையும் நிறுத்த வேண்டாம்.

மூச்சுத்தடை மாதிரித் தெரிகிற வேறு நோய்கள்

அனுப்புவதற்கு முன் இந்த இடத்தில் நிதானம் வேண்டும். இங்கே செய்கிற தவறுதான் உயிரை வாங்கும்.

ராத்திரி மூச்சுத் திணறி எழுகிறார் என்றால் எழுந்த பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள். மூச்சுத்தடை என்றால் விழித்த சில விநாடிகளில் சரியாகிவிடும், மறுபடி தூங்கிப்போவார். எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது, ஜன்னலோரம் போக வேண்டியிருக்கிறது, அடங்கப் பல நிமிடங்கள் ஆகின்றன, மல்லாந்தோ தாழ்வாகவோ படுக்கவே முடியவில்லை என்றால் முதலில் இதயத்தைச் சந்தேகியுங்கள். சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு நம் நாட்டில் கர்ப்பத்தில்தான் முதன்முதலாக வெளிப்படுவதுண்டு. பிரசவத்தை ஒட்டி வருகிற இதயத்தசைத் தளர்ச்சியும் இப்படித்தான் தொடங்கும். இவருக்குத் தூக்கச் சோதனைக்குத் தேதி வாங்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஈசிஜி, எக்கோவுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பகல் களைப்புக்கு ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தச் சோதனையும் பார்த்தாகிவிட்டதா என்று அட்டையைப் புரட்டுங்கள். தைராய்டு குறைவு களைப்பையும் தரும், மூச்சுத்தடையையும் கூட்டும். “காலை ஆட்டாம இருக்க முடியல, உள்ள என்னமோ ஊருது” என்று தூக்கம் கெடுபவருக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை இருக்கும்.

சோதனைக்கு அனுப்புதல்

கடிதத்தில் கர்ப்ப வாரத்தைப் பெரிய எழுத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். 29 வாரத்தில் அனுப்பியவருக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தால் சோதனைக்கு முன் குழந்தையே வந்துவிடலாம். பிஎம்ஐ, பிரஷர், சுகர், குறட்டை தொடங்கிய மாதம், பார்த்தவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி, நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ தூக்க ஆய்வகத்துக்கோ அனுப்புங்கள். வேறு பெரிய இதய, நுரையீரல் நோய் இல்லாதவருக்கு வீட்டிலேயே செய்கிற சோதனை போதும்.

கருவியைக் கொடுத்தனுப்பும்போது விளக்கம் சரியாக இல்லாவிட்டால் ராத்திரி வீணாகும். மூக்குக் குழாய் நழுவாமல் இரு கன்னத்திலும் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். நெஞ்சுப் பட்டை அக்குளுக்குக் கீழே. வயிற்றுப் பட்டை இருந்தால் பிதுங்கிய வயிற்றின் உச்சியில் கட்டாமல் அதற்கு மேலே, இரண்டு விரல் நுழையும் தளர்வோடு. விரல் உணரிக்கு நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் ஆகாது. வளைகாப்புக்குக் கை நிறைய வைத்திருந்தால் மருதாணி ஏறாத விரலைத் தேடுங்கள். மணிக்கட்டில் கட்டுகிற கருவியானால் கண்ணாடி வளையல் குறுக்கே வரும். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பார்கள். வற்புறுத்த வேண்டாம், வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றி மெல்லிய துணி சுற்றினால் வேலை நடக்கும். படுத்த நேரம், எழுந்த நேரம், எந்தப் பக்கம் படுத்தார் என்பதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவில் குறைந்தது 4 மணி நேரமாவது தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் “இயல்பு” என்று எழுதாமல் மறுபடி செய்யுங்கள். வெறும் ஆக்சிஜன் பதிவு இயல்பாக வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. இளம்பெண்களுக்கு ஆக்சிஜன் இறங்குவதற்கு முன்பே மூளை விழித்துக்கொள்ளும்.

முடிவு வந்த பிறகு

லேசானது என்றால் ஒருக்களித்துப் படுப்பது, முதுகுப் பக்கம் தலையணை அண்டக் கொடுப்பது, தலைமாட்டை உயர்த்துவது, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. இடது பக்கம்தான் என்று பயமுறுத்தத் தேவையில்லை, வலது பக்கமும் படுக்கலாம். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கத் தொடங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரையும், சளிக்கென்று கடையில் வாங்குகிற மயக்கம் தரும் மாத்திரையும் கூடாது. பிரஷரை அடிக்கடி பாருங்கள்.

நடுத்தரம், கடுமை என்றாலோ, லேசாக இருந்தும் பிரஷரோ பகல் தூக்கமோ கூட இருந்தாலோ சிபேப் கருவி. காற்றழுத்தத்தால் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிப்பது அது. குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மாதம் ஏற ஏற அழுத்தத் தேவை கூடுவதால் தானே மாற்றிக்கொள்கிற வகை வசதி. வாந்தி நிற்காத மாதங்களில் வாயையும் மூடுகிற முழு முகமூடி வேண்டாம், மூக்கு முகமூடி போதும். வாந்தி முகமூடிக்குள் சிக்கி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ராத்திரிக்கு 4 மணி நேரத்துக்குக் குறைந்தால் பலன் குறைவு. பலர் கைவிடுவதற்குக் காரணம் முகமூடி அளவு பொருந்தாமல் கண்ணில் காற்று அடிப்பது. முதல் வாரத்திலேயே போன் செய்து கேட்டு மாற்றிக் கொடுங்கள். அம்மா வீட்டுக்குப் போகும் பெட்டியில் கருவியும் போக வேண்டும், அந்த வீட்டில் கட்டில் பக்கம் பிளக் பாயின்ட் இருக்கிறதா, கரன்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள்.

பிரசவ அறையில்

தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். முழு மயக்கத்தைவிட முதுகுத்தண்டு வழி மரப்பு இவர்களுக்கு நல்லது. பென்டசோசின், புரோமெத்தசின், ட்ரமடால் என்று வழக்கம்போல் போடாதீர்கள். மூச்சைத் தூண்டும் உணர்வை மங்கவைக்கும் மருந்துகள் இவை. முன்சூல்வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போட வேண்டியிருந்தால் போட்டே ஆக வேண்டும். முழங்கால் துள்ளல், சிறுநீர் அளவு, மூச்சு எண்ணிக்கை என்ற வழக்கமான மூன்றோடு விரல் ஆக்சிமீட்டரையும் விடாமல் மாட்டிவையுங்கள். சிசேரியனுக்குப் பிறகு முதல் ராத்திரி தூங்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிற நேரம்தான் ஆபத்தானது. தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தினால் பிரசவித்த பெண்களுக்கு மூச்சுத்தடை குறைகிறது. சிபேப் வைத்திருப்பவர் வார்டிலும் அதை மாட்டித்தான் தூங்க வேண்டும், படுத்தபடி பால் கொடுக்கும்போது விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகு மறுபடி சோதனை. பலருக்குக் குறைந்திருக்கும், சிலருக்கு நின்றிருக்கும், சிலருக்கு அப்படியே இருக்கும். சோதனை செய்யாமல் கருவியைத் திருப்பிக் கொடுக்க விடாதீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் நோயின் பெயரையும், மணிக்கு எத்தனை தடை என்ற எண்ணையும், எந்த வாரத்தில் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்த கர்ப்பத்தில் அவர் வேறு ஊரில், வேறு செவிலியர் முன்னால் உட்காரும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் முதல் வருகையிலேயே கேட்பார்கள்.